மீன் தூக்கும் பூனையும் நீர் தாங்கும் நிலமும்: கொழும்புச் சதுப்புகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் ஒரு குளத்திலிருந்து வளர்ப்பு மீன்கள் இரவில் காணாமற்போயின. கண்காணிப்புக் கமெராவைப் பார்த்தபோது ஆள் சிக்கியது. வீட்டுப் பூனையைவிட இரு மடங்கு பருமன், சாம்பல் கலந்த பழுப்பு உடலில் கறுத்த புள்ளிகள், குட்டை வால். மீன்பிடிப் பூனை. சிங்களத்தில் ஹந்துன் திவியா. விரல்களுக்கிடையில் பாதிச் சவ்வும், நீர் எளிதில் ஊறாத இரட்டை மயிர்ப் போர்வையும் கொண்ட இந்த விலங்கு உலகளவில் ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. இலங்கையின் 2012ஆம் ஆண்டுச் சிவப்புப் பட்டியல் அதை அதனிலும் மோசமான நிலையில், அழிவாபத்தில் இருக்கும் இனங்களோடு வைத்தது. அப்படிப்பட்ட விலங்கு சந்தடி மிக்க தலைநகரின் மதில் ஏறிக் குதித்து மீன் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அது இங்கே எப்படி மிஞ்சியது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. பூனைக்கென்று இந்த நகரத்தில் ஒருவரும் நிலம் ஒதுக்கவில்லை. ஒதுக்கியது வெள்ளத்துக்கு. வெள்ளநீர் தங்குவதற்காகக் கட்டடம் எழாமல் விடப்பட்ட நிலத்தில் பூனையும் நீர்நாயும் நீலத் தாழைக்கோழியும் தங்கிக்கொண்டன. இதைத் தற்செயல் என்று கடந்துவிடாமல் ஒரு வழிகாட்டலாக எடுத்துக்கொண்டால், இந்தப் பிரதேசத்தின் உயிர்ப்பல்வகைமையைக் காப்பாற்றக் கையில் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு பெரியது என்பது புரியும்.

நீர் காத்திருக்கும் இடம்

நான் வெள்ளவத்தையில் வளர்ந்தவன். எங்கள் ஊருக்கு வடக்கு எல்லையும் கால்வாய், தெற்கு எல்லையும் கால்வாய். காலி வீதியில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அவை இரண்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் பாலங்கள் மட்டுமே. அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று சிறுவயதில் எங்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை. நாடாளுமன்றத்தைச் சுற்றிக் கிடக்கும் தியவன்னா ஓயாவிலிருந்து கோட்டே, கிருலப்பனை வழியாக வருகிறது என்பதை நான் முப்பது வயது கடந்தே அறிந்தேன். அந்தத் தாமதம் இன்றும் என்னை உறுத்துகிறது. தன் வீட்டு வாசலில் ஓடும் நீரின் ஊற்றை அறியாத ஒருவனிடம் அதைக் காப்பாற்று என்று கேட்பது எப்படி?

கொழும்புக்கு மேற்கே கடல். வடக்கே, சிவனொளிபாதமலைப் பகுதியில் பிறந்து சுமார் 145 கிலோமீற்றர் ஓடி முகத்துவாரத்துக்கும் மட்டக்குளிக்கும் அருகே கடலைச் சேரும் களனி கங்கை. இவற்றுக்கு உட்புறமாக, கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்நிலம். மழைநீர் இந்தத் தாழ்நிலத்திலிருந்து வெளியேற வடக்கே களனிக்கு ஒரு வழி. மேற்கே வெள்ளவத்தை, தெஹிவளை, முகத்துவாரம் ஊடாகக் கடலுக்கு ஒரு வழி. மலைநாட்டிலும் சேர்ந்து மழை பெய்தால் களனி ஏறிவிடும். அப்போது வடக்கு வாய்க்கதவை மூடியாக வேண்டும். திறந்து வைத்தால் ஆறு நகரத்துக்குள் திரும்பி ஓடிவரும். மேற்கு வழிகள் ஒடுங்கியவை, சரிவும் குறைவு. ஆகவே நீர் எங்கோ காத்திருக்க வேண்டும். அது காத்திருப்பது கொலன்னாவை, ஹீன் எல, கோட்டே ஆகிய மூன்று சதுப்புகளில். ஒன்றோடொன்று தொடர்புடைய இவற்றின் பரப்பு சேர்த்துச் சுமார் 400 ஹெக்டேயர். நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஈரநிலம் ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர்.

இவற்றில் பெரும்பகுதி பழைய வயல். விதைப்பது நின்ற பிறகு நாணலும் கோரையும் எழுந்து சதுப்பானவை. 1982இல் நாடாளுமன்றம் கோட்டேக்கு இடம்மாறியபோது கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி அதன் நடுவே கட்டடத்தை எழுப்பினார். 1985இல் அந்தச் சுற்றுவட்டாரம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தாழ்நிலங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் கூட்டுத்தாபனமோ 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிறந்தது. அதன் அன்றைய பெயரிலேயே நிலமீட்பு என்ற சொல் இருந்தது. சதுப்பை நிரப்பி நிலமாக்குவதே அந்தக் காலத்தின் சிந்தனை. இன்று அதே நிறுவனம் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் என்ற பெயரில் தலவத்துகொடையில் தியசரு பூங்காவை நடத்துகிறது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் தும்பி பார்க்கிறார்கள். ஒரு நிறுவனம் தன் பிறவிக் குணத்தையே மாற்றிக்கொள்ள முடியும் என்பதை இந்த மாற்றம் காட்டுகிறது. அதனால்தான் இந்த நிகழ்வை நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

2010: மனம் மாறிய ஆண்டு

1992 யூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீற்றர் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தை நகரம் மறந்துபோன வேளையில் 2010 நவம்பர் வந்தது. மே மாதத்தில் ஒருமுறை மூழ்கி எழுந்த நகரம், நவம்பர் 10ஆம் திகதி இரவில் மறுபடி மூழ்கியது. விடிந்தபோது நாடாளுமன்றமே நீரால் சூழப்பட்டிருந்தது. சட்டம் இயற்றும் அவையின் வாசலுக்கு வெள்ளம் வந்த பிறகு பணம் வந்தது. 2012இல் உலக வங்கி 213 மில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. கால்வாய் அகலப்படுத்தல், கரை கட்டல், நீரிறைப்பு, சுரங்க வழி எனத் திட்டம் பொறியியல் முகத்தோடுதான் தொடங்கியது.

திருப்பம் கணக்கில் வந்தது. எதிர்கால மழை எப்படி மாறும் என்பது ஒருவருக்கும் திட்டமாகத் தெரியாது. ஆகவே பலவிதமான மழைகளையும் பலவிதமான நகர வளர்ச்சிகளையும் வைத்து ஆய்வாளர்கள் கணித்துப் பார்த்தார்கள். சதுப்புகள் முழுவதும் போய்விட்டால், கொழும்புப் பெருநகரம் வெள்ளச் சேதத்தால் ஆண்டுக்குச் சராசரியாகத் தன் மொத்த உற்பத்தியில் 1 சதவீதத்தை இழக்கும் என்பது முடிவு. மண் நிரப்பிக் கட்டடம் எழுப்புவதால் கிடைக்கும் வருமானத்தைவிட நிலத்தை நிலமாக விட்டுவைப்பதே இலாபம் என்று பொருளியலாளரின் அட்டவணை சொன்னது. 2016இல் பெருநகர ஈரநிலங்களுக்கென முகாமைத்துவ உபாயத் திட்டம் ஒன்று எழுதப்பட்டது. பெத்தகானவில் 18 ஹெக்டேயரில் ஈரநிலப் பூங்கா திறக்கப்பட்டது. 2018 ஒக்டோபரில் துபாயில், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் மாநாட்டில், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் முதன்முதலாக 7 நாடுகளின் 18 நகரங்களுக்கு வழங்கப்பட்டது. கொழும்பு அவற்றுள் ஒன்று. ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அங்கீகாரம் அது.

இதற்கு முன்பே நீதிமன்றமும் பேசியிருந்தது. இயற்கை வளங்களை அரசு மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டை 2000இல் எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2008 ஒக்டோபரில், பொதுத் தேவைக்கெனச் சுவீகரித்த பத்தரமுல்லைத் தாழ்நிலத்தைத் தனியார் கோல்ஃப் திடலுக்குக் கொடுத்தது செல்லாது என்று தீர்ப்பளித்து, முன்னாள் சனாதிபதி ஒருவரையே 30 இலட்சம் ரூபா செலுத்துமாறு பணித்தது. நம் ஊர்ப் பொதுக்கூட்டங்களில் இந்த இரு தீர்ப்புகளும் அடிக்கடி நினைவூட்டப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

பலகை மட்டும் நட்ட இடங்கள்

கொழும்பு எல்லா இடத்திலும் வென்றுவிடவில்லை. தெஹிவளைக்குத் தென்கிழக்கே, பெல்லன்வில – அத்திடிய ஈரநிலம் 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 372 ஹெக்டேயர். நம் சட்டத்தில் சரணாலயம் என்பதற்குள் தனியார் காணியும் இருக்கலாம். அறிவித்தல் வந்தது, பலகை வந்தது. ஆனால் நீரைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் வரவில்லை. கழிவுநீர் கலந்தது, ஓரங்களில் மண்ணும் குப்பையும் கொட்டப்பட்டன, கைவிடப்பட்ட வயலில் வெல் ஆத்தா மரம் காடாக மூடியது. அன்னமுன்னா வகையைச் சேர்ந்த இந்த அமெரிக்க மரத்தின் பழம் நீரில் மிதக்கும். வெள்ளம் போகும் இடமெல்லாம் விதை போகும். திறந்த நீரும் சேற்று ஓரமும் மூடப்பட்டால் கொக்குக்கும் இலைக்கோழிக்கும் அங்கே வேலையில்லை. கோட்டே சதுப்பில் வெள்ளப் பொறியியலாளருக்கு நீர் தேவைப்பட்டதால் தினமும் ஒரு கண் நிலத்தின் மேல் இருந்தது. அத்திடியவில் அந்தக் கண் இல்லை. சட்டத்தின் பாதுகாப்பு இருந்தும் நலிந்த இடத்தையும், வெள்ளநீருக்காகக் கவனிக்கப்பட்டதால் தப்பிய இடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் என் எண்ணம் தெளிவானது: நிலத்தைக் காப்பது அன்றாட வேலை. அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

வடக்கே முத்துராஜவெல இன்னும் பெரிய பாடம். கோட்டே அரசர் காலத்தில் நெல் விளைந்த நிலம். கால்வாய் வெட்டப்பட்டபோது கடல்நீர் ஏறி உவரானது. ஒல்லாந்தரின் முயற்சியும், 1802இல் தொடங்கி ஆங்கிலேயர் வெட்டிய ஹமில்ற்றன் கால்வாயும் நெல்லைத் திரும்பக் கொண்டுவரவில்லை. ஒரு தவறான நீர்வழி பல நூற்றாண்டு கடந்தும் நிலத்தின் விதியாக இருக்கிறது. ஆனால் அந்த உவரிலும் புதிய வாழ்வு குடியேறியது. 3,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட சதுப்பு, அதையொட்டி ஏறத்தாழ அதே அளவான நீர்கொழும்புக் களப்பு, ஓரங்களில் கண்டல். 1996இல் இதில் 1,777 ஹெக்டேயர் சரணாலயமானது. 2003இல் வெளியான ஒரு மதிப்பீடு இந்தச் சதுப்பு தரும் பயன்களை ஆண்டுக்கு 8 மில்லியன் டொலருக்கு மேல் என்று கணித்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளத்தைத் தாங்கும் பயன். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பயனும், மீன், விறகு, சுற்றுலா போன்றவையும் சேர்ந்து மீதி. தண்ணீரைத் தாங்குவதுதான் முதல் தொழில் என்று அங்கும் கணக்கு சொல்கிறது.

மீதொட்டமுல்லையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. கொலன்னாவைச் சதுப்பின் ஓரத்தில் நகரத்தின் குப்பை மலையாக வளர்ந்தது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று அது சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். தமிழரும் சிங்களவரும் ஒரே நாளில் கொண்டாடும் பண்டிகை. பலகாரத் தட்டோடு அயல்வீட்டுக்குப் போகும் நேரம். சதுப்பை வெற்று நிலமாக எண்ணும் மனப்பாங்குக்கு விலை கொடுத்தவர்கள், அதன் ஓரத்தில் குடியிருந்த வறியவர்கள். உயிர்ப்பல்வகைமையைப் பற்றிப் பேசும்போது அந்த வீடுகளையும் சேர்த்தே பேச வேண்டும்.

கரையில் நிற்பவரின் அறிவு

ஒரு மழைக்காலத்துக்குச் சற்று முன், கால்வாயில் ஆகாயத்தாமரை வாரிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவரோடு பேசினேன். மட்டக்குளிப் பக்கத்துக்காரர், இந்த வேலையில் பல ஆண்டு அனுபவம். “தம்பி, இந்தப் புல்லுக்குள் தாழைக்கோழி முட்டையிட்டிருக்கிறது. எனக்குத் தெரியும். ஆனால் கரை முழுவதையும் வெட்டு என்றுதான் எனக்கு உத்தரவு” என்றார். எந்த மாதத்தில் எந்த வளைவில் நீர்நாய் வரும், எங்கே கபரகொய்யா என்ற நீர் உடும்பு முட்டையிடும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். “அண்ணே, இதை யாராவது உங்களிடம் கேட்டிருக்கிறார்களா?” என்றேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு வாரியைத் தூக்கினார். அந்தத் தலையாட்டல் என் மனதைவிட்டு இன்னும் அகலவில்லை.

ஆகாயத்தாமரை 1905 வாக்கில் இலங்கைக்கு அழகுச் செடியாக வந்தது. நான்கே ஆண்டில், 1909இல், அதை ஒழிக்கத் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த நகரம் அதை வாரிக்கொண்டேயிருக்கிறது, இனியும் வாரும். அப்படியானால் அந்த வாரும் வேலையே பாதுகாப்புக்கான வாயில். ஒரு கரையை இந்த ஆண்டும் மறு கரையை அடுத்த ஆண்டும் வெட்டினால் கூடுகளில் பாதி தப்பும். முட்டையிடும் காலத்தில் வளைவுகளைத் தவிர்த்தால் இன்னும் தப்பும். இதற்குப் புதிய கடன் வேண்டாம், புதிய சட்டமும் வேண்டாம். வேலை உத்தரவில் இரண்டு வரி மாற வேண்டும்.

கரைச்சுவர் அடுத்த விடயம். கம்பி வலைக்குள் கருங்கல் அடுக்கிச் செங்குத்தாக எழுப்பும் சுவர் நீரை விரைவாக ஓட்டும். ஆனால் நீரிலிருந்து மேலேற வழி தேடும் விலங்குக்கு அது மதில். மீன்பிடிப் பூனை ஒரு சதுப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போவது கால்வாய்க் கரைகளைப் பிடித்துத்தான். அந்தக் கரையில் இடையிடையே சரிவான மண் ஓரமும் நாணலும் விடப்படாவிட்டால் பூனை வீதிக்கு ஏறும். வீதியில் வாகனம் காத்திருக்கிறது. பாலங்களுக்கு அடியில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு அடி அகலத்தில் நடைமேடை விட்டால் அது வீதியைக் கடக்காமலே போய்விடும். பாலம் திருத்தும்போதே செய்தால் செலவு மிகச் சிறிது.

விளக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரநில ஓரங்களில் நடைபாதைகள் வந்தது நல்லது. மக்கள் வந்து பார்க்காத நிலத்துக்கு வாதாட ஆள் இருக்காது. நானே கிழமையில் மூன்று நாள் அங்கே நடக்கிறேன். ஆனால் இரவு முழுவதும் வெள்ளை ஒளி பாய்ச்சினால் இருட்டில் வேட்டையாடும் பூனைக்கும், தவளைக்கும், இரவுக் கொக்குக்கும் அந்த ஓரம் இல்லாமற்போகும். ஒன்பது மணிக்குப் பிறகு விளக்கை அணைக்கலாம். அல்லது தாழ்த்தி மஞ்சள் ஒளிக்கு மாற்றலாம்.

வெல் ஆத்தாவை அகற்றுவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அது வெளிநாட்டு மரம், சதுப்பை மூடுகிறது, அகற்றத்தான் வேண்டும். ஆனால் நகரத்தின் நடுவே மீன்பிடிப் பூனைக்குப் பகலில் ஒளிந்து படுக்க மிஞ்சியிருக்கும் அடர்த்தி பல இடங்களில் அந்த மரந்தான். ஒரே மூச்சில் வெட்டி வெளியாக்கினால் பறவைக்கு வாசல் திறந்து பூனைக்கு வீடு பறிபோகும். துண்டு துண்டாக வெட்டி, வெட்டிய இடத்தில் உள்ளூர்ச் சதுப்பு மரங்களை நட்டு, அவை தழைத்த பிறகு அடுத்த துண்டுக்குப் போவதே முறை. நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.

யாருடைய பொறுப்பு என்பதுதான் மிகப் பெரிய சிக்கல். கால்வாயும் வெள்ளத்தடுப்பு நிலமும் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடம். சரணாலயம் வனசீவராசிகள் திணைக்களத்திடம். களனியின் வெள்ள அணைகள் நீர்ப்பாசனத் திணைக்களத்திடம். கட்டட அனுமதி நகர அபிவிருத்தி அதிகார சபையிடம். வயற்காணி கமநலத் திணைக்களத்திடம். குப்பை உள்ளூராட்சி மன்றங்களிடம். பூனைக்கு இந்த எல்லைகள் தெரியாது; நீருக்கும் தெரியாது. ஒரே சதுப்பின் ஒரு ஓரத்தில் ஒரு நிறுவனம் மரம் நடும்போது மறு ஓரத்தில் இன்னொன்று மண் கொட்ட அனுமதிக்க வாய்ப்பிருக்கிறது. புதிய அதிகார சபை ஒன்றை உருவாக்குவதை நான் நம்பவில்லை. எல்லோரும் ஒரே வரைபடத்தைப் பார்த்து, வெள்ள மட்டத்தையும் வாழிடத்தையும் ஒரே தாளில் குறித்து, ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் ஒரு நாள் ஒன்றாக அமர்ந்தால் பாதி வேலை முடியும்.

அந்த மேசையில் குடியிருப்பாளரும் அமர வேண்டும். 2016 மே மாத வெள்ளத்தில் களனி பொங்கி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் நாட்கணக்கில் நீருக்குள் கிடந்தன. அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். முஸ்லிம்களும் தமிழர்களும் சிங்களவரும் ஒரே ஒழுங்கையில் வாழ்கிறார்கள். எந்த நிலத்தில் மண் கொட்டப்பட்டால் தங்கள் வீட்டுக்கு நீர் எத்தனை அங்குலம் கூடும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவார்கள். இரவில் மண் லொறி வந்தால் முதலில் காண்பவர்களும் அவர்களே. ஈரநிலப் பூங்கா ஒன்றில் விளக்கப் பலகை முன் நின்ற ஒரு தாய், மகளுக்கு வாசித்துக் காட்டத் தமிழைத் தேடிக் காணாமல் படத்தைக் காட்டிவிட்டுப் போனதைப் பார்த்தேன். முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கம், வெள்ள எச்சரிக்கை, பறவையின் பெயர் என எதுவாயினும் தமிழிலும் இருந்தால்தான் இந்த நிலம் அந்தத் தாய்க்கும் உரியதாகும். சதுப்போரத்தில் பொன்னாங்காணியும் கங்குனும் வல்லாரையும் பறித்துச் சந்தைக்குக் கொண்டுவரும் பெண்களுக்கும், கோயிலுக்கும் விகாரைக்கும் தாமரை கட்டிக் கொடுப்பவர்களுக்கும், தூண்டில் போடுபவர்களுக்கும் நீர் அழுக்கானால் அன்றைய வருமானமே போய்விடும். அவர்களைவிட அக்கறையான காவலாளியைச் சம்பளம் கொடுத்தும் தேட முடியாது.

வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடற்கரையோரம் உவர்நீர் முதலை தென்பட்டபோது எங்கள் அயலவர் பலர் அஞ்சினார்கள். 2022 சனவரியில் தெஹிவளைக் கடலில் ஒருவர் முதலையால் இறந்த பிறகு அந்த அச்சம் நியாயமானது. முதலை ஆறுகளிலும் களப்புகளிலும் வாழ்ந்து, கால்வாய் வாய்களைக் கடந்து அலைவது. அதன் நடமாட்டத்தை முன்கூட்டி அறிவிப்பதும், கால்வாய் வாயில் இறைச்சிக் கழிவு கொட்டுவதை நிறுத்துவதும் மனிதரையும் முதலையையும் ஒருசேரக் காக்கும்.

கால்வாயில் தாழைக்கோழி முட்டையைக் காட்டிய அந்த அண்ணரைப் பிறகு ஒருமுறை சந்தித்தேன். அந்த வளைவில் மேற்பார்வையாளரிடம் தானே பேசி, இரண்டு பாக நீளத்துக்கு, அதாவது ஏறத்தாழப் பன்னிரண்டு அடிக்கு, நாணலை வெட்டாமல் விட்டிருந்தார். எழுத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த ஒப்பந்தக்காரர் வந்தால் அதுவும் போய்விடும். அந்த இரண்டு பாகத்தையும் எழுத்தில் கொண்டுவரும்படி கேட்டு, வளைவின் படத்தையும் இணைத்து, உரிய இடத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். நாணலுக்குள் நான்கு குஞ்சுகள் நீந்துகின்றன.